எதிரிப்படை

ஏற்காட்டு அடிவாரத்தில் ஒன்பது நாள் போர்.
இளைய ராணி படையில் என் வீட்டுக்காரர் திம்மராயன்.
மூத்தவள் மகன் படையில்
அவர் அண்ணன் வரதப்பன்.
இரண்டு பக்கமும் ஒரே கூலி,
ஒரே எலுமிச்சை சாதம்.

அந்த மாசம்தான் குகை வீட்டுக்கு நடுவே
சுவர் வைத்தார்கள்.
கிணறு அந்தப் பக்கம் போனது.
குடத்தோடு நான் தெருக்குழாய்க்குப் போனேன்.

நான்காம் நாள் இவர் நெற்றியில் மூன்று தையல்.
அட்டைக் கத்தியில் இப்படியா கிழியும்?
யார் அடித்தது என்றேன்.
எதிரிப்படை என்றார்.

சேவாய்ப்பேட்டைக் கொட்டகையில் படம் வந்தது.
ராஜா பேசிய தெலுங்கில் பாதிதான் புரிந்தது.
எங்கள் வீட்டுத் தெலுங்கில்
சிம்மாசனத்துக்குச் சொல் இல்லை,
பங்குக்கு மட்டும் நாலு இருக்கிறது.

கிளியாய்ப் போன மூத்த ராணி
கடைசி ரீலில் மனுஷியானாள்.
பிள்ளைகள் கட்டிக்கொண்டார்கள்.
ஒரே ஆசனத்தில் இரண்டு பேர்.
அவ்வளவு அகலமாகவா செய்வார்கள்?

நான் பார்த்தது அதற்கு முன்னால்.
கதாநாயகன் குதிரை தாண்டிப் போகிறது.
திரையின் ஓரத்தில், புழுதியில்,
ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு
எதிரி ஒருத்தன் குனிந்து
விழுந்தவன் நெற்றியைத்
தன் தலைப்பாகையால் அழுத்துகிறான்.
அதற்குள் அரண்மனை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.
"அது வேற ஆளு.
தலப்பா கட்டினா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்"
என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம்
ராட்டினம் கிறீச்சிட்டது.
இந்த நேரத்தில் யார் தண்ணீர் இறைப்பது?
இவரும் தூங்கவில்லை.