ஆறு கால்

பள்ளத்தூர் அடைக்கப்பன் வீட்டு மோட்டார் போர்டு.
ஐப்பசி இடி ஒரு பக்கத்தைக் கருக்கியிருந்தது;
மறுபக்கம் நேற்று வாங்கியது போல.
நடுவில் ஆறு கால் கறுப்புப் பூச்சி.
உள்ளே ஒரு விளக்கு எரியும், ஒரு கண் பார்க்கும்,
இடையே கம்பி கிடையாது.
வெளிச்சம் கடக்கலாம்,
இடி கடக்கக் கூடாது.

துழாவி வேறொன்றைப் பற்றவைத்துச் சுவிட்சைத் தட்டினேன்.
டப்.
கழனிவாசல் கடை முழுக்கக் கருகல் வாடை.

லென்ஸில் பார்த்தால் 4N35.
அதன் கண் டிரான்சிஸ்டர்,
ஒருவழிப்பாதைக்காரன்.
இங்கே வேண்டியது டிரையாக்:
போகவும் வரவும் கதவு திறப்பவன்.
அதே கறுப்பு, அதே ஆறு கால்.
இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டவள் நான்.

"எவ்வளவும்மா?" என்றார்.
இருபது ரூபாய்.
வெடித்தது என் கணக்கில்.