ரிசர்வ்

பேப்பர் மில்ஸ் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்
இரண்டாம் மாடியில் ஆங்கிலம் நடக்கிறது.
செவ்வாய், வியாழன், ஏழிலிருந்து எட்டரை வரை.
யாருடைய ஆதாரையோ பிரதியெடுக்கும் வெளிச்சம்
படிக்கட்டில் வந்து வந்து போகும்.

இன்றைய சொல் என்று
ஹெப்சிபா மிஸ் எழுதினார்: ரிசர்வ்டு.
"மனசுல இருக்கிறத சட்டுனு வெளிய காட்டாதவங்க.
திட்டு இல்ல. பாராட்டும் இல்ல. சும்மா ஒரு குணம்.
ஆளுக்கு அஞ்சு வாக்கியம்."

திட்டு இல்லையாமே.
பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தேன்.
எனக்குத் தெரிந்து இதற்கு
அழுத்தக்காரி என்றுதான் பெயர்.
அமுக்குணி என்பாள் பெரிய நாத்தனார்.
கல்லுளிமங்கனைப் பெண்பாலாக்கி
அதையும் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்,
என் தம்பி குணாளன் ஐஸ் பெட்டிக்குள் இருந்த அன்று,
வாசலில் நின்று நான்
ஷாமியானாக்காரரின் நாற்காலிகளை எண்ணியபோது.
அறுபது என்று சொல்லி
ஐம்பத்து நான்கு இறக்கியிருந்தார்.
யாராவது எண்ணத்தானே வேண்டும்.

டயாலிசிஸ் வார்டு நர்ஸ் முபினா முதலில் எழுந்தாள்:
"மை ஹஸ்பண்ட் இஸ் ரிசர்வ்டு.
பட் ஹிஸ் மதர் இஸ் நாட்."
சிரிப்பு அடங்க நேரமானது.
"திஸ் சீட் இஸ் ரிசர்வ்டு ஃபார் லேடீஸ்"
என்றான் ஒரு பையன்.
சரிதான், ஆனா அது வேற ரிசர்வ்டு என்றார் மிஸ்.
கடைசி பெஞ்சிலிருந்து கால்டாக்சி தேசிங்கு:
"மை பைக் இஸ் இன் ரிசர்வ், மேடம். மீ ஆல்சோ."

மறுபடியும் சிரிப்பு.
நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

தம்பியின் வண்டி மூன்று மாதம்
மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்றது,
சைட் பாக்ஸில் மடித்த மழைக்கோட்டோடு.
வாங்க வந்தவர் அயனாவரத்துக்காரர்.
பத்து உதை உதைத்தார். அசையவில்லை.
"பெட்ரோல் இல்ல போலருக்கே" என்று குனிந்து
டேங்குக்கு அடியில் கைவிட்டு
அந்தச் சின்னக் குமிழைத் திருப்பினார்.
இன்னொரு உதை.
பிடித்துக்கொண்டது.

ராத்திரி பத்தரைக்குத் தெருமுனையில் கேட்கும் அதே சத்தம்.
எதிர்வீட்டு நாய் எழுந்து
வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து
வந்தவரை மோந்து பார்த்துவிட்டு நின்றது.

"நிறுத்துங்க" என்றேன்.
"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணுமேம்மா."
"தீர்ந்துடும். நிறுத்துங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ,
விலையில் ஆயிரம் கூட்டிச் சொன்னார்.
நானும் சரி என்று
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு வாக்கியம் ஒழுங்காக வந்தது.
என் மேனேஜர் ரிசர்வ்டு, என் பூனை ரிசர்வ்டு,
லிஃப்டுக்குள் எல்லோருமே ரிசர்வ்டு, இப்படி.
ஐந்தாவது:
"மை பிரதர் லெஃப்ட் சம் பெட்ரோல் இன் ரிசர்வ்."

மிஸ் அந்த வரியிலேயே
சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார்.
"இது பெயர்ச்சொல்லாப் போச்சே.
நான் கேட்டது பெயரடை."
அரை மதிப்பெண் எடுத்தார்.
பிறகு, நோட்டைத் தராமல்,
"இங்கிலீஷ்ல தப்பில்ல" என்றார்.
"சரி மிஸ்" என்றேன்.
இன்னும் ஏதோ எதிர்பார்த்தாற்போல் இருந்தது அவர் முகம்.

இறங்கும்போது தேசிங்கிடம் கேட்டேன்:
"ரிசர்வ்ல எவ்ளோ தூரம்ணே போகும்?"
சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார்:
"இருபதுன்னுவான், முப்பதுன்னுவான்.
யாரும்மா கடைசி வரைக்கும்
ஓட்டி அளந்து பாத்தது?"