இரண்டு நட்சத்திரம் போதும்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஒரு அத்தோ கடை.
எந்தச் சந்து என்று சொல்லமாட்டேன்.
பெயர்ப்பலகை கிடையாது. இருந்தாலும் சொல்லமாட்டேன்.

உணவு: சுமார்.
கையால்தான் பிசைகிறார் அந்த மனிதர்,
நூடுல்ஸ், கோஸ், கருகும் விளிம்பில் எடுத்த வெங்காயம்,
புளித்தண்ணி, தட்டையை நொறுக்கி ஒரு பிடி.
காரம் முதலில் தெரியாது,
மூன்றாம் வாயில்
காதுக்குப் பின்னால் வந்து நிற்கும்.
வாழைத்தண்டு சூப்பு கேட்டால் தருவார்
கேட்காவிட்டாலும் தருவார்
காசு வாங்குவதில்லை.
நிர்வாகம் சரியில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சேவை: மோசம்.
மகிமைதாஸ் என்றொரு பையன்,
என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டான்.
மூஞ்சியைப் பார்ப்பான், போவான், வருவான்.
பூண்டு வறுத்துப் போட்ட முட்டை மசாலா
அன்று நான் கேட்கவில்லை.
இரண்டாவதும் நான் கேட்கவில்லை.
கை துடைக்க டிஷ்யூ கிடையாது
நாலாய்க் கிழித்த பழைய பேப்பர்.
ஒருநாள் என் பக்கமே வந்தது
போட்டோவில் பாதி நெற்றியோடு.
எண்ணெயை நன்றாக உறிஞ்சியது.

சூழல்:
ஒரு பெஞ்சு, ஒரு காலுக்குப் பதில் செங்கல்.
சாக்கடை காற்றைப் பொறுத்தது.
சரக்கு ரயில் வந்தால் கேட் விழும், டம்ளர்கள் நடுங்கும்,
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணினேன்
அதுவரை ஒருவரும் பேசமுடியாது
மெல்லத்தான் முடியும்.
கேட்டில் மாட்டிய ஆட்டோக்காரர் இறங்கி வந்து
நின்றபடி ஒரு முட்டை முடித்து
கம்பம் எழும்புவதற்குள் ஹேண்டில்பாருக்குத் திரும்பிவிடுகிறார்.
பின்னால் ஹாரன்கள். அவர் இன்னும் விரலை நக்கிக்கொண்டிருக்கிறார்.

கல்மண்டபத்தில்
பிலோமினாக்கா கடைக்கு நாலரை போட்டவன் நான்.
சுறாப்புட்டைப் பற்றி
"தட்டில் ஒரு கடல்" என்று எழுதினேன்,
இப்போது படித்தால் கூசுகிறது.
அடுத்த ஞாயிறு அடையாறு வந்தது, வேளச்சேரி வந்தது
கார்கள் மீன்வலையை ஏறி மிதித்து நின்றன.
எண்பது ரூபாய் புட்டு நூற்றி அறுபதானது.
அக்காவைக் குறை சொல்ல வாயில்லை
அடகிலிருந்து வளையல் திரும்பிவிட்டது,
என்னைப் பார்த்தால் இன்றும் ஒரு துண்டு கூட வைக்கிறாள்.

ஆனால் காசிமேட்டில் விடிய விடிய ஐஸ் உடைத்து
பதினோரு மணிக்கு அந்த மூலையில் உட்காருவாரே
தேசப்பன்,
அவரிடம் டோக்கன் கேட்டிருக்கிறார்கள்.

திட்டுவார் என்று நினைத்தேன்.
"நீதான் எய்தினியாமே. நல்லாத்தான் எய்தின.
நா எங்க போய் துன்றது, அதையும் எய்தேன்."
ஐஸ் வண்டியில் ஏற்றி என்னை இங்கே கூட்டிவந்தது அவர்தான்.
சூப்பு ஆறும்வரை ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சொன்னார்:
"இத எய்தாத."

சரி என்றேன்.
ஆசிரியர் போன் செய்கிறார், வியாழன் ஆகிவிட்டது,
இந்த வாரம் எந்தக் கடை?
வேறு கடைக்கும் போய்ப் பார்த்தேன்
தண்டையார்பேட்டையில் ஒன்று, நல்ல கடைதான்,
தட்டில் பாதி இருக்கும்போதே
இங்கே என்ன மீதமிருக்கும் என்று யோசித்தேன்.

அதனால்தான் இரண்டு.
வண்டி நிறுத்த இடமில்லை.
எட்டரைக்குத் தீர்ந்துவிடும்.
மழை பெய்தால் தார்ப்பாய் ஒழுகும், சரியாக உங்கள் தலையில்.
பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம்.

தேசப்பன் கொஞ்சம் தள்ளிக்கொண்டால்
நாலு.