பதினாறாம் தேதிக் கணக்கீடு

புரட்டாசி முடிய இன்னும் ஒரு நாள்.
குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
நாகர்கோவில் வண்டி வரவேண்டும்.
வெயில் இன்னும் வேலையை விடவில்லை.
பாபநாசம் பக்கம் மட்டும்
துவைக்காத வேட்டி மாதிரி ஒரு மேகம்.
தட்டான்கள் தாழப் பறக்கின்றன.
இதைத்தான் பரீட்சைத் தாளில்
இலையுதிர்காலம் என்று எழுதி மார்க் வாங்கினேன்.
இங்கே உதிர்வது
மீட்டர் பெட்டியின் துரு.

காலையிலிருந்து நாற்பத்தோரு வீடு.
எல்லா அட்டையிலும் ஒரே தேதி, 16-10.
நாற்பத்தோரு தடவை எழுதியது கை.
எனக்கு எட்டவில்லை.

பெருமாள்புரத்தில்
காய்ச்சலுக்கு லீவு போட்ட ஜெபின்
வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"அக்கா, இன்னைக்கு என்ன நாள்? சொல்லுங்க பாப்போம்."
"வியாழன்."
"அதில்லக்கா."
வினாடி வினாவுக்குத் தயாராகிறவன்.
ஒரே மூச்சில் சொன்னான்.
கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட நாள்,
வங்காளத்தை இரண்டாக வெட்டிய நாள்,
பிரான்சு ராணியின் தலை விழுந்த நாள்,
சீனா முதல் அணுகுண்டு வெடித்த நாள்,
அப்புறம் உலக உணவு தினம்.
சொல்லிவிட்டு இருமினான்.
கொசுறாக இன்னொன்று:
"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்க்கா.
நீந்தும்போது ஒண்ணு நின்னுரும்."
நான் குறித்துக்கொண்டது
இருநூற்று எழுபத்து நான்கு யூனிட்.

கயத்தாறு ஒன்றும் தூரமில்லை.
பஸ் ஜன்னலில் அந்தச் சிலை வரும், போகும்,
கண்டக்டர் சில்லறைக்குக் கை நீட்டுவார்.
அந்தப் புளியமரம் இப்போது இல்லை என்கிறார்கள்.
மரத்துக்குத் தேதி கிடையாது.
அந்த வருஷமும் அது காய்த்திருக்கும்.
யாரோ ஒருத்தி உலுக்கி எடுத்துப்போய்
குழம்பு வைத்திருப்பாள்.
அன்றைக்கும் உணவு தினம்தான்.

மேலப்பாளையத்தில் பாத்துமுத்து வீட்டில்
மீட்டர் ஓடவே இல்லை.
"ரெண்டு மாசமா மவ வீட்லதான் கெடந்தேன் தாயி.
இங்க ஃபேன் சுத்த ஆளு வேணும்லா."
பூஜ்யம் எழுதும்போது மட்டும்
பேனா கொஞ்சம் தயங்கும்.
அடுத்த வீடு பூட்டு.
பூட்டிய வீட்டுக்கு ஒரு குறி உண்டு.
போட்டுவிட்டு நடந்தால் போதும்,
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது,
முன்னால் நிற்கிற லோடு ஆட்டோவில்
வாழைத்தார்களை வேடிக்கை பார்த்தபடி நிற்கையில்,
நாற்பத்திரண்டாவது அட்டை போல
தேதி என் எதிரே வந்து நின்றது.

பதிவாளர் அலுவலகம். தூறல்.
சாட்சிக்கு ஆள் குறைந்ததால்
ஜெராக்ஸ் கடைக்காரரை
கையைப் பிடித்து இழுத்து வந்தான் தளவாய்.
மதியம் ஜங்ஷன் ஸ்டேஷனில்
ஒரே பொட்டலம் தயிர்சோறு,
ஊறுகாய் எனக்கு.
பதினோரு வருஷம்.
கட்டபொம்மனுக்காவது மாலை போட ஆள் இருக்கிறது.

வண்டி போனது. கேட் தூக்கியதும்
எல்லா ஹாரனும் ஒன்றாய்க் கத்தின.
அதற்கு மேல் நினைக்க முடியவில்லை,
இன்னும் பத்தொன்பது வீடு.

சாயங்காலம்,
பழக்கதோஷம், என் வீட்டு மீட்டரையும் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
நூறு வரைக்கும் சர்க்கார் பொறுப்பு.
மிச்சம் பன்னிரண்டு
நான் அணைக்காமல் விடுகிற வாசல் விளக்கு.
இருபது வாட், பத்து மணி நேரம், அறுபது ராத்திரி.
கணக்கு தசமம் பிசகாமல் வருகிறது.
எவ்வளவு காலத்துக்கு என்பதற்குத்தான்
அட்டையில் கட்டம் இல்லை.

மூன்று இதயம் இருந்திருந்தால்
ஒன்றைப் பூட்டிய வீடு என்று குறித்துவிட்டு
மற்ற இரண்டோடு
ஆற்றைத் தாண்டி எங்காவது போயிருப்பேன்.

முதல் துளி
மீட்டர் பெட்டியின் தகரத்தில் விழுந்தது.
இருட்டிவிட்டது.
ஸ்விட்சைப் போட்டேன்.