நாலாம் காட்சி

பதினோரு வருஷமாகப் பங்கு நாடகம் எழுதுகிறேன்.
நாலாம் காட்சியில் யாராவது திரும்பி வந்தாக வேண்டும்.
மஸ்கட்டிலிருந்து மகன், ஜெயிலிலிருந்து தகப்பன்,
ஒரு வருஷம் ஞாபகம் வந்துவிட்ட மாமன்.
சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலி.
பைபிளுக்குள் ஒரு கடிதம் அகப்படும்.
பன்னிரண்டு அடிப்பதற்குள் எல்லாரும் மன்னித்துவிடுவார்கள்,
பன்னிரண்டுக்குப் பூசை.

பனியும் வேண்டும் என்பார்கள் பிள்ளைகள்.
டிசம்பரிலும் ஃபேன் சுழலும் காசிமேட்டில்
பனி.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.
பாரை நொறுக்கி, கூடையில் அள்ளி,
வஞ்சிரத்தின் மேல் கொட்டுவார்கள்.
எனக்குத் தெரிந்த வெண்மை அதுதான்,
அரை மணியில் சிவந்துவிடும்.
மேடைக்கு அது ஆகாது.
யார் வீட்டிலோ டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலை
தேங்காய்த் துருவியில் சீவி எடுத்தோம்.

ஏணி மேல் உட்கார்ந்து அதைத் தூவியவள் இவாஞ்சலின்,
என் அண்ணன் மகள்.
அண்ணன் பெர்க்மான்ஸ் என்னோடு பேசுவதில்லை.

காரணத்தை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது.
அப்பாவின் போட்டில் கால் பங்கு எனக்கு என்றேன்.
எஞ்சின் மாற்றிய கடனில் கால் பங்கும் உனக்கு என்றான்.
சாட்சி சொல்ல வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மாவின் எவர்சில்வர் தட்டுகள் ஏழு.
மூன்று அங்கே, மூன்று இங்கே.
ஏழாவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.
அது நடந்துகொண்டிருந்தது:
இருபத்துநாலாம் தேதி சாயங்காலம்
அண்ணி அதில் கல்கலா அனுப்புவாள், மேலே ஒரு துணி.
வெறும் தட்டைத் திருப்பக்கூடாதே,
புது வருஷத்துக்குள் ரோஸ்லின்
அதிரசமோ முறுக்கோ வைத்து அனுப்புவாள்.
இரண்டு வீட்டுக்கும் இடையில்
அவ்வளவுதான் போக்குவரத்து.

இந்த வருஷம் தட்டு வரவில்லை.

ஏழு மணி, எட்டு மணி.
வாசலில் ஸ்டார் விளக்கு தானாக ஆடியது.
சரி, முடிஞ்சுது, என்றேன்.
நாடகத்தில் நாலாம் காட்சிக்குச் சனம் அழுதது.
அண்ணன் வழக்கம்போல அந்த இடத்தில் எழுந்து
பீடி பிடிக்கப் போனான்.

பூசை முடிந்து இரண்டு மணிக்குத்
தண்ணீர் பிடிக்கக் குனிந்தவன்
ஃபில்டருக்கு அடியில் பார்த்தேன்.
அங்கே இருந்தது தட்டு,
வருஷம் முழுக்கச் சொட்டை ஏந்திக்கொண்டு.
ஜனவரியில் ரோஸ்லினுக்கு டைபாய்டு.
எவன் வைத்தான், நான்தான் வைத்திருப்பேன்.
புள்ளி புள்ளியாய் வெட்டிய அம்மாவின் பேர் மேல்
போர் தண்ணீரின் உப்பு ஏடாய்ப் படிந்திருந்தது.

வர வேண்டியது
அவர்கள் அல்ல.

மச்சானுக்கென்று எடுத்து வைத்த கேக்கில் பாதியை வெட்டினேன்,
பச்சை செர்ரி இருந்த பாதி.
மூன்று தெரு.
ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்
நெடுஞ்சாலையில் அசையாமல் நின்றன.
ஒரு டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கினான்.
என்ன பேசுவது என்று யோசித்தேன்.
பதினோரு வருஷ வசனத்தில்
ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை.

கதவு தட்டப்படும், என்று எழுதுவேன் எப்போதும்.
அண்ணன் வீட்டுக் கதவு காற்றுக்காகத் திறந்து கிடந்தது.
நிலைப்படி மேல் அவனே படுத்திருந்தான்,
ஒரு கால் தெருவில்.
வின்ச் கயிறு தின்ற பெருவிரல்.
தட்டுவதென்றால் அவன் முழங்காலைத்தான் தட்ட வேண்டும்.

உள்ளே கண்ணாடி முன்னால் இவாஞ்சலின்
தலையிலிருந்து பனியை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
திரும்பிப் பார்த்தாள்.
என்னை அல்ல, கையை.

"இன்னா சித்தப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?
அம்மா ஜனவரிலேர்ந்து கேட்டுனுகீது
அந்தத் தட்ட."

வாங்கினாள். கேக்கை நகர்த்திவிட்டு
நகத்தால் உப்பைச் சுரண்டிப் பார்த்தாள்.

"உள்ள வா. அப்பா கால மிதிச்சிடாத."

அண்ணன் காலை மடக்கிக்கொண்டான்.
தூக்கத்திலா,
நான் கேட்கவில்லை.