பதினோராவது நிமிடம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஸ்பீக்கர் ரிப்பேர் என் தொழில்.
ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, பாதி ஷட்டர்தான் திறந்திருக்கும்.
குனிந்து வரத் தெரிந்தவர்கள் நாலு பேர்.

ஆளுக்கு ஒரு ஆல்பம்.
கடைசிச் சத்தம் அடங்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.
திருவனந்தபுரம் பஸ் தலைக்குமேல் போகும்போது
சுவர் கொடுக்கும் அதிர்வை
பேஸ் கிட்டார் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

குலசேகரம் வில்பிரட் கொண்டுவருவதில்
எதுவுமே நடக்காது.
ஒரே ஸ்வரம், நாற்பது நிமிடம்.
விடியக்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டி
முந்நூறு ரப்பர் வெட்டுகிறவன் அவன்.
"சிரட்டையில பால் விழுறத நின்னு பாத்திருக்கேரா வோய்?
நடக்கும். நீரு நிக்கணும்."

ஷைஜாவுக்கு எண்ணிக்கை வேண்டும்.
ஏழு ஏழாகப் போய், ஒன்பதில் இடறி,
ஒன்றும் தெரியாததுபோல் ஏழுக்குத் திரும்புகிற டிரம்ஸ்.
டயாலிசிஸ் வார்டில் இரவு டியூட்டி;
ஆறு மெஷின், ஆறு வேகம்.
ஆறும் ஒரே நொடியில் பீப் அடிப்பதைக் கேட்க
மூன்று வருடமாகக் காத்திருக்கிறாளாம்.
அப்படி அடிக்கவே கூடாதென்று
ஜெபமும் செய்கிறாளாம்.

தக்கலை மாஹின் அட்டை பார்த்து வாங்குகிறவன்.
பறக்கும் அடுப்பு, இரண்டு நிலா, கண் முளைத்த பலாப்பழம்.
உள்ளே பெரும்பாலும் மோசம்.
ஒத்துக்கொள்ள மாட்டான்.

இனயம் ததேயுஸிடம் இருப்பது ஒரே கேசட்.
அட்டை இல்லை, பேர் இல்லை.
தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் வள்ளம் மறிந்தபோது
எஞ்சின் பெட்டிக்குள் கிடந்து
ஆறாம் நாள் கரையேறியது.
வலைமேல் காயப்போட்டானாம்.

பத்து நிமிடம் ஆர்கன் படிபடியாக ஏறும்.
பதினோராவது நிமிடத்தில்
காலடி மணல் சரிந்ததுபோல்
மொத்த இசையும் இறங்கும்.
கிட்டார் தடித்து,
குரல் ஆணா பெண்ணா என்றாகி,
தரை தொட்டு,
எங்கிருந்தோ மூச்செடுத்து மேலே வரும்.

அந்த இறக்கத்தைப் பற்றி எட்டு வருடம் பேசியிருக்கிறோம்.
நான் அதற்கு ஒரு தத்துவமே வைத்திருந்தேன்,
என் மச்சினனுக்கு இரண்டு தடவை விளக்கியிருக்கிறேன், பாவம்.
ஷைஜா எண்ணிப் பார்த்து
அந்த இடத்தில் எண்ணிக்கையே இல்லை என்று
விரல்களை மடக்கிக்கொண்டாள்.

போன ஞாயிறு மாஹின் ஒரு எல்பியோடு வந்தான்.
அட்டையில் நனைந்த ஏணி, மூன்று மீன்,
பின்பக்கம் தாடி வைத்த நாலு பெல்ஜியம்காரர்கள்.
முதல் ஆர்கனிலேயே தெரிந்துவிட்டது.
ஒன்பது.
பத்து.
பதினொன்று
ஏறிக்கொண்டே போனது.
இறங்கவில்லை.
சுத்தமாக, நேராக,
புது நாலுவழிச் சாலைபோல.

வில்பிரட்தான் முதலில் சட்டத்தை மீறினான்.
"அப்பம் அது கடலா?"
"இதாக்கும் ஒரிஜினல்" என்றான் மாஹின்.
"ஒரிஜினலக் கொண்டு உனக்க கடையில வை."
தப்பு நம் காதிலோ என்னவோ,
ஊசியை மறுபடி முதலில் வைக்கச் சொன்னாள் ஷைஜா.
நான் பெல்ட் தளர்ச்சி, ஹெட் தேய்மானம், உப்பு என்று
தொழில் பாஷையில் எதையோ உளறினேன்.
என் தத்துவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
அதற்கு நன்றி.
ததேயுஸ் கேசட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்,
பார்த்தான்,
மறுபடி உள்ளே போட்டான்.

இரண்டாம் சுற்றில், ஆறாவது நிமிடம்,
கரண்ட் போனது.
சுற்றின வேகத்தில் தட்டு இன்னும் கொஞ்சம் சுற்றியது.
ஆம்ப்ளிபையர் வயிற்றில் மிச்சமிருந்ததை வைத்து
ஆர்கன் குழைந்து, தடித்து,
அந்த நாலு பெல்ஜியம்காரர்களும்
இடுப்பளவு,
கழுத்தளவு

பாதி இருட்டில் ஒரு பஸ் தலைக்குமேல் போனது.

"இப்பம் சரியாயிட்டு" என்றான் ததேயுஸ்.