சும்மா இருந்ததால்

மறுபடியும் போய்விட்டது.
கட்டைவிரல் அளவுக் கருவி,
ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் நெட்வொர்க் கேபிள்,
நடுவில் அவிந்துபோன பச்சைப் புள்ளி.
திரையில் நான்காம் கூண்டு கறுப்பு.
தீவன மிதவைக்கு அந்தப் பக்கம், ஜனவரித் தண்ணீரில்
எண்பதாயிரம் சால்மன்
நான் பார்க்காமல் இருக்கின்றன.

உப்பு, என்றான் ஹோக்னி.
அவனுக்கு எல்லாமே உப்பு:
துரு, மூட்டுவலி, விட்டுப்போன மனைவி.
சொருகும் முனையைத் துடைத்தோம்.
கேபிளை மாற்றினோம்.
இடப்பக்கத் துளையிலிருந்து வலப்பக்கத் துளைக்கு,
அங்கிருந்து தனி மின்சாரம் உள்ள ஹப்புக்கு.
டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினோம்.
படகெடுத்துப் போய் கிளாக்ஸ்விக் கடையில்
புதிதாய் இன்னொன்று வாங்கிவந்தான்.
அதுவும் அதே மாதிரி செத்தது.
பிடுங்கிச் சொருகினால்
ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து உட்காரும்.
அதுதான் எரிச்சல்.

ஜெனரேட்டரைச் சந்தேகித்தோம்.
தீவனம் ஊதும் குழாயின் அதிர்வைச் சந்தேகித்தோம்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிறகு நோட்டில் நேரம் எழுத ஆரம்பித்தேன்.
1.40. 3.10. 4.25.
பகலில் ஒன்றுகூட இல்லை.
தீவனம் விழும்போது ஒன்றுகூட இல்லை.
புயலன்று, மிதவையே குடிகாரனாய் ஆடிய ராத்திரி,
ஒன்றுகூட இல்லை.

மீன்கள் அசையாமல் நின்ற நேரங்கள் அவை.
அசைவில்லையென்றால் கேமரா எதையும் அனுப்பாது.
யாரும் வராத வாசலைக்
கணினி கொஞ்சநேரம் பார்க்கும்,
பிறகு விளக்கணைத்துத் தாழ்போடும்.
ஜன்னலுக்குள் ஜன்னலாய் ஏழு திறந்தபின்
ஒரு சின்னக் கட்டம், அதில் சரிக்குறி:
மின்சாரம் சேமிக்க இக்கருவியை அணைக்க அனுமதி.

யார் கொடுத்த அனுமதி?

குறியை எடுத்தேன்.
செவ்வாயன்று ஒரு அப்டேட் வந்து
திரும்பப் போட்டுவிட்டுப் போனது.

ஆகையால் இப்போது முப்பது விநாடிக்கொரு தடவை
உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பொட்டலம் அனுப்புகிறேன்.
இருக்கியா.
இருக்கேன்.
அவ்வளவுதான் பேச்சு,
ராத்திரி முழுக்க.

அடுத்த அறையில் படுத்திருந்த ஹோக்னி
இதைக் கேட்டுச் சிரித்தான்.
சிரிப்பு முடிந்து வெகுநேரம் கழித்து,
"எங்க அண்ணன் டோர்மோவோட பேசி நாலு வருஷம்.
சண்டையெல்லாம் இல்லை.
சும்மாதான்"
என்றான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.
நான் பதில் சொல்லவில்லை.
நோட்டில் எழுதவும் இல்லை.

வியாழன் 3.10க்கு இன்னொரு முறை அணைந்தது.
பொட்டலங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.
மீன்கள்கூட அசைந்துகொண்டுதான் இருந்தன.
பதிவேட்டில் காரணம் இல்லை.

பிடுங்கினேன், துடைத்தேன், சொருகினேன்.

உப்புதான், என்றது சுவர்.